ஹங்கேரியின் மணிமுடி – 8: தலையணைக்குள் ஒரு ராஜ்ஜியம்

1439 அக்டோபர் 27. டான்யூப் கரையில் நெஷ்மேய் என்றொரு சிற்றூர். துருக்கியரைத் தடுக்கப் படையோடு தெற்கே போய், உருப்படியாக ஒரு சண்டையும் நடக்காமல், பாளையத்தில் பரவிய சீதபேதியை வாங்கிக்கொண்டு திரும்பிய ஹங்கேரி அரசர் ஆல்பர்ட் அங்கேயே இறந்துபோனார். வயது 42. முடிசூடி இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

சென்ற வாரம் பார்த்த முந்தைய அரசர் சிகிஸ்முண்டுக்கு ஒரே வாரிசு, மகள் எலிசபெத். அவரை மணந்ததால்தான் ஆஸ்திரியாவின் ஹப்ஸ்பர்க் கோமகனான ஆல்பர்ட்டுக்கு ஹங்கேரி அரியணை கிடைத்தது. ஆக, நாடு எலிசபெத் கொண்டுவந்த சீதனம் என்றே வைத்துக்கொள்ளலாம். கணவர் இறந்தபோது அவருக்கு 30 வயது. உயிரோடு இருந்தவை இரண்டு பெண் குழந்தைகள். வயிற்றில் இன்னொன்று, ஐந்து மாதம்.

அந்தக் குழந்தை பிறக்கும்வரை பொறுத்திருக்கப் பிரபுக்கள் தயாராக இல்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆகஸ்டில்தான் செர்பியாவின் ஸ்மெதெரெவோ கோட்டை சுல்தான் இரண்டாம் முராதின் கைக்குப் போயிருந்தது. அடுத்த இலக்கு பெல்கிரேட் என்பது ஊரறிந்த சங்கதி. பெல்கிரேட் போனால் ஹங்கேரியின் தெற்கு வாசல் திறந்துவிடும். குதிரையேறி வாள்பிடிக்கிற ஒரு ராஜா உடனே வேண்டும் என்றார்கள். அவர்கள் கைகாட்டிய ஆள் போலந்தின் இளம் அரசர் விளாடிஸ்லாவ். அவருக்கு 15 வயதுதான், ஆனால் பின்னால் போலந்தின் படை இருந்தது. ராணி அவரை மணந்துகொள்ளட்டும், இரண்டு நாடும் ஒரு குடைக்கீழ் வரட்டும் என்பது ஏற்பாடு. 15 வயதுப் பையனுக்கும் 30 வயதுக் கைம்பெண்ணுக்கும் கல்யாணப் பேச்சு! அரசியலில் இதையெல்லாம் யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை.

எலிசபெத் வெளிப்படையாக மறுக்கவில்லை. யோசிக்கலாம் என்கிற தொனியில் தலையாட்டிவைத்தார். பிரபுக்களின் தூதுக்குழு கிராக்கோவுக்குக் கிளம்பியது. ராணி டான்யூப் கரையில் இருந்த கோமாரோம் கோட்டைக்குப் போய்ப் பேறுகாலத்துக்குக் காத்திருந்தார். பிறக்கப்போவது மகன் என்றே அவர் மனதில் தீர்மானம். மகனாகவே இருந்தாலும், அவன் ராஜா ஆவதற்கு ஒரு பொருள் தேவைப்பட்டது. அது விஷெகிராத் கோட்டையின் பெட்டகத்தில், பிரபுக்களின் முத்திரைக்குக் கீழே பூட்டிக்கிடந்தது.

ஹங்கேரியில் ஒருவர் அரசராவதற்கு அரச ரத்தம் உதவும், பிரபுக்களின் ஆதரவு உதவும். ஆனால் முடிசூட்டு செல்ல வேண்டுமானால் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். எஸ்டெர்கோம் பேராயர்தான் முடி சூட்ட வேண்டும். அது செக்கெஷ்ஃபெஹெர்வார் பேராலயத்தில் நடக்க வேண்டும். சூட்டப்படுவது புனித ஸ்தேவானின் மணிமுடியாக இருக்க வேண்டும். எழுதிவைத்த சட்டம் இல்லை, வழக்கம்தான். ஆனால் வழக்கத்தை மீறியவர்கள் பட்ட பாட்டை இத்தொடரில் முன்பே பார்த்திருக்கிறோம். ஆர்பாத் வம்சம் 1301இல் அற்றுப்போனபின், கார்லோ ரோபர்ட் மூன்று தடவை முடிசூட வேண்டியிருந்தது. 1301இல் ஏதோ ஒரு முடி, 1309இல் புதிதாகச் செய்த முடி. இரண்டையும் நாடு பொருட்படுத்தவில்லை. டிரான்சில்வேனியாவின் ஆளுநர் ஒளித்துவைத்திருந்த பழைய மணிமுடி கைக்கு வந்து, 1310இல் முறைப்படி சூடிய பிறகுதான் முணுமுணுப்பு அடங்கியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அது புனித ஸ்தேவான் அணிந்த முடியே இல்லை. ஸ்தேவான் இறந்தது 1038இல். முடியின் கீழ்ப்பட்டையில் எனாமலில் தீட்டப்பட்டிருக்கும் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் மிகாயேல் ஆட்சிக்கு வந்ததோ 1071இல். இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆன ஒருவர் தலையில் அந்தப் பட்டை ஏறியிருக்க வழியில்லை. ஆனால் 15ஆம் நூற்றாண்டு ஹங்கேரியில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. ஸ்தேவானின் முடி என்று நம்பினார்கள். நம்பிக்கைதான் அதன் எடை.

ஆக, எலிசபெத்துக்கு அந்த முடி வேண்டும். கேட்டால் தரமாட்டார்கள். திருடத்தான் வேண்டும். தன் முடியைத் தானே திருடுவதற்கு ஆள் தேடிய ராணி, நம்பியது ஒரு பணிப்பெண்ணை.

அவர் பெயர் ஹெலெனா கோட்டனர். ஷோப்ரோன் நகரத்து ஜெர்மன் குடும்பம். முதல் கணவர் அந்நகரத்தின் மேயராக இருந்து இறந்தவர். வியன்னாவைச் சேர்ந்த யோஹான் கோட்டனரை இரண்டாவதாக மணந்திருந்தார். அரண்மனையில் ராணியின் கடைசி மகளைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. பிள்ளைகுட்டிக்காரர், நடுவயதை நெருங்குகிறவர். மாட்டிக்கொண்டால் தன் உயிர் மட்டுமல்ல, குடும்பத்தின் கதியும் அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். ராணி கேட்டபோது உள்ளூர நடுங்கியதை அவரே பின்னால் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆமாம், இந்தத் திருட்டின் கதை நமக்குத் தெரிவது திருடியவர் வாய்மொழியில்தான். சம்பவம் நடந்து சுமார் பத்து வருடம் கழித்து உருவான அவரது நினைவுக்குறிப்பு, ஜெர்மன் மொழியில் ஒரு பெண்ணின் பெயரில் கிடைக்கும் மிகப் பழைய நினைவுக்குறிப்புகளில் ஒன்று. கையெழுத்துப் பிரதி வியன்னாவின் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. தன் எஜமானிக்காகவும் தனக்காகவும் வாதாடுகிற எழுத்து அது என்பதை மறந்துவிடக் கூடாது. இருந்தாலும், புகழ்பாடும் அரசவை வரலாறுகளில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது: பயம்.

ஒரு பெண் தனியாகப் பூட்டுகளை அறுக்க முடியாது. முதலில் ஒரு குரோஷியரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். கேட்டதும் அவர் முகம் வெளிறிப்போனது. ஒதுங்கிவிட்டார். இரண்டாவதாக ஒரு ஹங்கேரியர் துணிந்து வந்தார். அவர் பெயரை ஹெலெனா கடைசிவரை வெளியிடவில்லை. பத்து வருடம் கழித்தும் அந்தப் பெயர் ஆபத்தானது என்று நினைத்திருப்பார்.

விஷெகிராத்தில் தங்கியிருந்த பணிப்பெண்களைக் கோமாரோமுக்கு அழைத்துவரப் போகிறேன் என்பது ஹெலெனா சொன்ன சாக்கு. யாரும் சந்தேகப்படவில்லை. பேறுகாலத்தில் இருக்கும் ராணிக்குப் பணிப்பெண்கள் தேவைப்படுவது இயல்புதானே. 1440 பிப்ரவரி 20 இரவு, மறுநாள் காலைப் பயணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த பெண்களின் பகுதியில் ஹெலெனா விழித்திருந்தார். முடி இருந்த பெட்டகத்துக்கு அந்தப் பகுதி வழியாகவே போக முடியும். கூட்டாளியும் அவருடைய ஆளும் அரங்களோடு உள்ளே போனார்கள். காலடிச் சத்தம் கேட்காதிருக்கக் கம்பளிச் செருப்பு.

அரம் இரும்பைத் தேய்க்கிற சத்தம் இரவில் எப்படிக் கேட்டிருக்கும்? ஹெலெனா வெளியே காவலிருந்து ஜெபம் செய்துகொண்டிருந்தார். திடீரென்று ஆயுதம் தாங்கிய ஆட்கள் கதவருகே வந்துவிட்டது போல் பெரிய அரவம் அவர் காதில் விழுந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. மறுபடி வந்து உட்கார்ந்தார், மறுபடி அதே அரவம். பேய்ச்சேட்டை என்று அவர் முடிவு கட்டினார். மரியாட்செல் மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்துவருவதாக அங்கேயே நேர்ந்துகொண்டார். அந்த நேர்த்தி முடியும்வரை சனிக்கிழமை இரவுகளில் இறகு மெத்தையில் படுப்பதில்லை என்று இன்னொரு விரதம். நாட்டின் தலையெழுத்தை மாற்றும் இரவில் அவர் மனம் பிடித்துக்கொண்ட கொம்பு இது. எனக்கு இந்த இடத்தில்தான் ஹெலெனா நம்பத்தக்கவராகத் தெரிகிறார். கதை கட்டுகிறவர்களுக்குச் சனிக்கிழமை மெத்தை தோன்றாது.

எல்லாப் பூட்டும் அரத்துக்கு மசியவில்லை. சிலவற்றை நெருப்பால் சுட்டுத் திறக்க வேண்டியிருந்தது. கருகல் நாற்றம் பரவி யாராவது எழுந்துவருவார்களோ என்ற பயம் சேர்ந்துகொண்டது. யாரும் வரவில்லை. முடியை எடுத்துவிட்டு, அறுத்த பூட்டுகளின் இடத்தில் கையோடு கொண்டுவந்த வேறு பூட்டுகளை மாட்டினார்கள். மேலே ராணியின் முத்திரையைப் பதித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெட்டகம் பழையபடியே இருந்தது. அரங்கள் பெண்கள் பகுதிக் கழிப்பறைக் குழிக்குள் போயின.

மணிமுடி எங்கே போனது? ஒரு சிவப்பு வெல்வெட் தலையணைக்குள். தையலைப் பிரித்து, இறகில் ஒரு பகுதியை வெளியே எடுத்து, முடியை உள்ளே வைத்து மறுபடி தைத்துவிட்டார்கள். இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள பொன்னும் மணியும். விடிந்ததும் கூட்டாளியின் ஆள் அந்தத் தலையணையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேலே ஒரு பழைய மாட்டுத்தோலால் மூடி வெளியே வந்தார். தோலின் வால் பின்னால் நீளமாகத் தொங்கியது. முற்றத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹங்கேரியின் புனித மணிமுடி விஷெகிராத்தை விட்டு வெளியேறியது அந்தச் சிரிப்புக்கு நடுவேதான்.

அன்று பகல் முழுக்கப் பனிச்சறுக்கு வண்டியில் பயணம். வழியில் ஒரு சத்திரத்தில் சாப்பிட இறங்கினார்கள். கூட்டாளி தலையணையைக் கண்பார்வையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டார். உட்காரும்போது முடிமேலேயே உட்கார்ந்து நசுக்கிவிடுவோமோ என்று ஹெலெனாவுக்கு வழிநெடுகக் கவலை. இருட்டும் நேரத்தில் உறைந்த டான்யூபைக் கடக்க வேண்டியிருந்தது. பனிக்கட்டி பல இடங்களில் மெலிந்திருந்தது. நடு ஆற்றில் பணிப்பெண்களின் வண்டி பனி உடைந்து கவிழ்ந்தது. ஒரே கூச்சல். எப்படியோ எல்லோரும் கரைசேர்ந்தார்கள். தலையணையும் சேர்ந்தது.

கோமாரோமில் ராணி விழித்திருந்தார். காரியம் முடிந்ததா என்று கேட்டார், முடிந்தது என்றார் ஹெலெனா. அந்த இரவே வலி கண்டு, பிப்ரவரி 22 அன்று ஆண் குழந்தை பிறந்தது. பெண்ணாகப் பிறந்திருந்தால் இத்தனை பாடும் வீண். பையனுக்கு ஹங்கேரியின் இன்னொரு புனித அரசர் பெயரையே வைத்தார்கள்: லாஸ்லோ. தந்தை இறந்தபின் பிறந்ததால் வரலாறு அவனை ‘பின்பிறந்த லாஸ்லோ’ என்றே அழைக்கிறது.

அடுத்த வேலை முடிசூட்டு. மே 15, பெந்தகோஸ்தே ஞாயிறு. செக்கெஷ்ஃபெஹெர்வார் பேராலயத்துக்குள் பன்னிரண்டு வாரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார் ஹெலெனா. தாத்தா சிகிஸ்முண்டின் பழைய பட்டாடையை வெட்டி, அங்கி, கையுறை, காலணி என முடிசூட்டு உடை முழுவதையும் குழந்தை அளவுக்கு அவரே தைத்திருந்தார். முறைப்படி அரசர் முதலில் வீரராக வேண்டும். பிரபு மிக்லோஷ் ஊய்லாகி வாளின் தட்டையான பக்கத்தால் குழந்தையைத் தட்டி வீரப்பட்டம் கொடுத்தார். கைமீறிப் பலமாக அடித்துவிடப் போகிறாரே என்று ராணிக்குப் பதைப்பு. எஸ்டெர்கோம் பேராயர் தேனேஷ் ஸேச்சி எண்ணெய் பூசி முடி சூட்டினார். அந்தச் சிறிய தலை முடியைத் தாங்காது என்பதால், தாய்வழி உறவினரான செல்யே பிரபு உல்ரிக் அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தை வீறிட்டு அழுதது. என்ன குரல், ஒரு வயதுப் பிள்ளை மாதிரி என்று கூடியிருந்தவர்கள் வியந்தார்களாம்.

பேராயர், பேராலயம், மணிமுடி. மூன்றும் பொருந்தின. வழக்கப்படி ஒரு குறையும் சொல்ல முடியாத முடிசூட்டு. திரும்பும் வழியில் மழை. ராஜா தொட்டிலில் கிடக்க மறுத்து அழுதார். ஹெலெனா அவரைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தார்.

இதற்குள் விளாடிஸ்லாவ் ஹங்கேரிக்குள் வந்துவிட்டார், புடா அவர் கையில். பிரபுக்கள் விஷெகிராத் பெட்டகத்தைத் திறந்தார்கள். முத்திரை இருந்தது, பூட்டு இருந்தது, முடி இல்லை.

அப்போது அவர்கள் செய்ததுதான் ஹங்கேரி வாரிசுரிமை வரலாற்றிலேயே துணிச்சலான காரியம் என்பேன். புனித ஸ்தேவானின் மண்டையோடு வைக்கப்பட்டிருந்த பேழையின் தலையில் ஒரு முடி இருந்தது. அதைக் கழற்றி, 1440 ஜூலை 17 அன்று அதே பேராலயத்தில் விளாடிஸ்லாவுக்குச் சூட்டினார்கள். சூட்டியவர் யார் தெரியுமா? அதே தேனேஷ் ஸேச்சி! இரண்டு மாதத்துக்கு முன் குழந்தைக்குச் சூட்டிய அதே கை. புடாவுக்கு வந்து பிரபுக்களிடம் மாட்டிக்கொண்டவருக்கு வேறு வழி இருந்திருக்காது. கூடவே ஒரு சாசனமும் வெளியிட்டார்கள். முடிசூட்டு நாட்டு மக்களின் விருப்பத்தைப் பொறுத்தது; முடியின் வலிமை அவர்கள் சம்மதத்தில்தான் இருக்கிறது; பழைய முடி கிடைக்காமலே போனால் அதன் சக்தியும் மர்மமும் இந்தப் புதிய முடிக்கு வந்து சேரும் என்பது அதன் சாரம். ‘நாட்டு மக்கள்’ என்றால் பிரபுக்கள் என்று படித்துக்கொள்ள வேண்டும். உழவர்களை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் 1440இல் ஐரோப்பாவில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போடுவது சின்ன விஷயமல்ல.

எழுத்து துணிச்சலானதுதான். ஆனால் அது பலிக்கவில்லை. நாடு இரண்டாகப் பிளந்தது. வடக்கில் செக் படைத்தலைவர் யான் யிஸ்க்ரா குழந்தையின் பெயரால் நகரங்களைப் பிடித்தார். தெற்கில் விளாடிஸ்லாவுக்காகப் போரிட்டு மேலே வந்தவர் ஹுன்யாடி யானோஷ். கையில் காசில்லாத எலிசபெத், மகனையும் மணிமுடியையும் ஆல்பர்ட்டின் உறவினரும் ஹப்ஸ்பர்க் குடும்பத் தலைவருமான ஃபிரெடெரிக்கிடம் ஒப்படைத்தார். முடி அடகுப் பொருளாகவே போனது. அத்தனை பாடுபட்டு எடுத்துவந்தது, ஒரு வருடத்துக்குள் ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டது. 1442 டிசம்பரில் ஜியோர் நகரில் இரு தரப்புக்கும் சமாதானம் பேசி முடித்த சில நாட்களில் எலிசபெத் இறந்தார். விஷம் என்று ஊர் பேசியது. விளாடிஸ்லாவ் 1444 நவம்பர் 10 அன்று வார்னா போர்க்களத்தில் துருக்கியர் அணிக்குள் குதிரையை விட்டுச் சென்று மாண்டார். வயது 20.

வேறு வழியின்றிப் பிரபுக்கள் லாஸ்லோவை ஏற்றார்கள். ஆனால் பையனை ஃபிரெடெரிக் விடவில்லை. 1446இல் ஹுன்யாடியை ஆட்சிப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து நாட்டை நடத்தினார்கள். 1452இல் ஆஸ்திரியர்களே வீனர் நோய்ஷ்டாட்டை முற்றுகையிட்டுப் பையனை மீட்டார்கள். முடி மட்டும் ஃபிரெடெரிக்கிடமே தங்கியது.

லாஸ்லோவின் மீதிக் கதை சோகமானது. 1456இல் பெல்கிரேடைக் காப்பாற்றிய ஹுன்யாடி, அடுத்த சில வாரங்களில் கொள்ளைநோயில் இறந்தார். அன்று குழந்தையின் தலைக்கு மேலே முடியைப் பிடித்திருந்த உல்ரிக்கை, அந்த நவம்பரில் பெல்கிரேட் கோட்டைக்குள் வைத்து ஹுன்யாடியின் மூத்த மகனுடைய ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். அந்த மூத்த மகனை மன்னிப்பதாகச் சொன்ன லாஸ்லோ, 1457 மார்ச்சில் புடாவில் அவர் தலையை வெட்டவைத்தார். இளைய மகனைக் கைதியாகப் பிராகாவுக்குக் கொண்டுபோனார். அங்கே நவம்பர் 23 அன்று, கல்யாணத்துக்கு நாள் நெருங்கிய வேளையில், லாஸ்லோ 17 வயதில் இறந்தார். இதற்கும் விஷம் என்றார்கள். ஐந்து நூற்றாண்டு கழித்து எலும்புகளை ஆராய்ந்த செக் நிபுணர்கள் சொன்னது ரத்தப் புற்றுநோய்.

வாரிசு இல்லை. 1458 ஜனவரி 24 அன்று பிரபுக்கள் தேர்ந்தெடுத்தது பிராகாவில் கைதியாக இருந்த அந்த இளைய மகனையே. அவர்தான் மாத்யாஷ். 15 வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம். அவரிடம் அரச ரத்தம் ஒரு சொட்டும் இல்லை. 1440 சாசனப்படி பார்த்தால் சம்மதம் இருக்கிறது, அது போதும். போதவில்லை. முடி இல்லாத ராஜா என்ற பேச்சு ஓயவில்லை. 1459இல் அதிருப்திப் பிரபுக்கள் சிலர் ஃபிரெடெரிக்கையே ஹங்கேரி அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவரிடம்தான் முடி இருந்ததே!

கடைசியில் 1463 ஜூலை 19 அன்று வீனர் நோய்ஷ்டாட்டில் உடன்படிக்கை ஏற்பட்டது. முடியைத் திரும்பத் தர 80,000 பொற்காசு. ஹங்கேரி அரசர் என்ற பட்டத்தை ஃபிரெடெரிக்கும் வைத்துக்கொள்ளலாம். மாத்யாஷுக்கு முறைப்படிப் பிறந்த ஆண் வாரிசு இல்லாமல் போனால் அரியணை ஹப்ஸ்பர்க் குடும்பத்துக்கு. பணத்துக்காக நாட்டில் தனி வரி போட்டார்கள். முடியின் வலிமை தங்கள் சம்மதத்தில் இருப்பதாக எழுதிக்கொடுத்த அதே பிரபு வர்க்கம், இருபத்துமூன்று வருடம் கழித்துக் குடியானவனிடம் வசூலித்து அந்த உலோகத்தை மீட்டது. சம்மதத்தைவிட முடி பெரிது என்று அவர்களே தீர்ப்பெழுதிவிட்டதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன்.

1464 மார்ச் 29 அன்று செக்கெஷ்ஃபெஹெர்வாரில் மாத்யாஷ் முறைப்படி முடிசூடினார். சூட்டியவர், வாசகர்கள் ஊகித்திருக்கலாம், தேனேஷ் ஸேச்சி. குழந்தை, போலந்துக்காரர், மாத்யாஷ் என்று மூன்று அரசர்களுக்கு முடி சூட்டியவர், அடுத்த வருடமே காலமானார்.

எலிசபெத்தின் பக்கம் என்ன மிஞ்சியது? அவரது இளைய மகள் போலந்து அரசர் காசிமிரை மணந்திருந்தார். காசிமிர், வார்னாவில் விழுந்த விளாடிஸ்லாவின் தம்பி. அவர்கள் மகன் இரண்டாம் உலாஸ்லோ, மாத்யாஷ் இறந்தபின் 1490 செப்டம்பரில் அதே மணிமுடியைச் சூடினார். மாத்யாஷுக்கு ஒரு மகன் இருந்தும் அது அவனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)